இதேதான் அங்கையும்

ஆடிப்பிறப்புக்குக் கிட்டடியில் வந்து இறங்கி, நல்லூர்த் தேர் முடிந்த கையோடு திரும்புகிறவர்களில் சிலர் ஊரைக் கனடாவை வைத்து அளப்பார்கள், சிலர் சுவிஸை வைத்து. புத்தூருக்கு வாய்த்தவர் போலந்தை வைத்து அளக்கிறார். இருப்பது லண்டனில். போலந்துக்குப் போனது மலிவு விமானச்சீட்டில், கிராகோவ் நகரத்துக்கு, நாலே நாள். அந்த நாலு நாளும் இன்னும் அவருக்குச் சமிக்கவில்லை.

மாமி கொழுக்கட்டைத் தட்டத்தைக் கொண்டுவந்து வைப்பா. உள்ளே வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, பனங்கட்டி. விளிம்பு பல்லுப் பல்லாய் மடித்தது. நாங்கள் கையை நீட்டுவோம். அவர் மட்டும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இதேதான் அங்கையும் இருக்கு. பியரோகி எண்டு பேர். ஆனா..."

அந்த 'ஆனா'வோடு கொழுக்கட்டை ஆறத் தொடங்கும். ஆனா மா கோதுமை. ஆனா உள்ளுக்கு உருளைக்கிழங்கும் பாற்கட்டியும். ஆனா மேலே வெங்காயம் வதக்கிப் போடுவினம். கோவாவும் காளானும் வைத்தது நத்தாருக்கு முந்தின இரவுக்கு. அந்த இரவில் பன்னிரண்டு வகைச் சாப்பாடு, இறைச்சி இல்லை, சொல்லாமல் வருகிறவருக்கென்று ஒரு கோப்பை கூடுதலாக மேசையில் இருக்கும்.

"எங்கட வீட்டில எந்த நாளும் அப்பிடித்தானே தம்பி," என்றா மாமி. "நீயும் சொல்லாமத்தானே வந்தனீ."

நல்லூரில் கொடியேறினால் வீடு மரக்கறி. ஆகவே அதற்கு முந்தியே அவருக்கு ஒடியற்கூழ் காய்ச்சியாகவேண்டும். நண்டு, இறால், மீன், மரவள்ளி, பலாக்கொட்டை, பயத்தங்காய், முருங்கையிலை எல்லாம் போட்டு, செத்தல்மிளகாயும் பழப்புளியும் கரைத்து, ஒடியல் மாவில் தடித்துக் கொதிக்கும் கூழ். பிலாவிலை கோலிக் கையில் கொடுத்தோம். ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். ஜூரெக் வந்துவிட்டது. றை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துச் சில நாள் புளிக்கவிட்டு, முட்டையும் சொசேஜும் போட்டுக் காய்ச்சுகிற சூப்பாம். அதைப் பாணைக் குடைந்து அதற்குள் ஊற்றித் தருவார்களாம்.

"இதையும் பாணுக்குள்ள ஊத்திப் பாப்பமே?"

பெடியனை அச்சுவேலிக்குச் சைக்கிளில் அனுப்பி அச்சுப்பாண் வாங்குவித்தார். மேற்பக்கத்தை வெட்டி, உள்ளைத் தோண்டி, மடியில் தட்டத்தை வைத்துக் கூழை ஊற்றினார். றைப் பாண் கல்லுப்போல் இறுகினது, தாங்கும். அச்சுப்பாண் பஞ்சு. நண்டுக்கால் முதலில் பக்கத்தால் எட்டிப் பார்த்தது, பிறகு முழுக்கூழும் தட்டம் நிறைந்து சாரத்துக்கு வந்தது. "அங்கத்தைய பாண் வேற" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினார். மிச்சம் நாய்க்கு.

தவறணையிலும் விட்டுவைக்கவில்லை. பிளாவில் கள்ளை வைத்துக்கொண்டு ஜுப்ரூவ்கா வொட்காவைப் பற்றிச் சொன்னார். காட்டெருது மேயும் புல்லில் ஒரு தாள் போத்தலுக்குள் கிடக்குமாம். பக்கத்திலிருந்த கிழவர் யோசித்தார். "எங்கட மாடும் புல்லுத்தான் தம்பி தின்னுது. அதை நாங்கள் போத்தலுக்குள்ள போடுறேல்லை." நிலாவரைக் கிணற்றைக் காட்டி மேலே நன்னீர், அடியில் உப்பு என்றால், வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்குள் எங்களை இறக்கிவிடுவார்.

இவர் ஊரில் இருந்தபோது பழங்கஞ்சிக்கு மூக்கைப் பொத்தியவர். அங்கே போய்ப் புளித்த மாச்சூப்புக்குக் காசு கொடுத்திருக்கிறார் (ஸ்லோட்டியில், யூரோ என்று சொன்னால் திருத்துவார்). கொடுக்கட்டும். கம்யூனிஸ்ட் காலத்திலிருந்து இருக்கிற 'பால் பார்' என்னும் மலிவுச் சாப்பாட்டுக்கடையில் வரிசையில் நின்று வாங்கி, தின்ற கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாராம். இதைப் பெருமையாகச் சொல்லும்போதே மாமி குனிந்து அவருடைய கோப்பையை எடுக்கிறா. விடிய எழும்பி நண்டு உடைத்தவ அவ. "நல்லாயிருக்கு மாமி" என்று ஒருநாள் சொன்னால் என்ன? 'அங்கை' சேராத ஒரு வசனத்தை அந்த வீட்டில் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. இதைப் பகிடிக்கு எழுதவில்லை.

கோபம் முற்றாத காரணம் ஒன்று உண்டு. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர, லண்டனுக்குப் போலந்துச் சனம் திரண்டு வந்தது. அவர்களுடைய ஊர்ப் பியரையும் உப்பில் புளிக்கவைத்த வெள்ளரிக்காயையும் அடுக்கிவைத்து விற்றவர்களில் எங்கட ஆட்களின் மூலைக்கடைகளும் உண்டு. இவர் அப்படியொரு கடையில் இரவுக் கல்லாவில் நிற்கிறவர். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிற பெடியங்களோடு விடியும்வரை கதைத்துத்தான் இந்த வருத்தம் தொற்றியது. கிராகோவுக்குக் கூட்டிப்போனதும் அதில் ஒருவன்தான், தன் தாய் வீட்டுக்கு.

கூடப்போன சிநேகிதர் போனமாதம் புத்தூர்ச் சந்தியில் அகப்பட்டார். அந்தத் தாய் ஜூரெக் காய்ச்சி வைத்தாவாம். இவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாராம். பிறகு ஒடியற்கூழைப் பற்றி முக்கால் மணித்தியாலம். இதேதான் புத்தூரிலும் இருக்கிறது, ஆனா இதற்குள் நண்டு போடவேண்டும் என்று மகனைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தாராம். மனுசியின் சூப்பு பச்சைத்தண்ணி ஆகிவிட்டதாம்.

மாமியிடம் சொன்னேன்.

"பாவம் அந்த மனுசி," என்றா.