யார் வாசலில் மேடு?

ஸ்ரீரங்கத்தில் வேகத்தடை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதில் இரண்டு கருத்தே கிடையாது. வடகலையும் தென்கலையும் ஒத்துப்போகும் அபூர்வ விஷயங்களில் இதுவும் ஒன்று. "கட்டாயம் போடணும் ஓய், பசங்க வண்டியிலயா போறான்கள், பறக்கறான்கள்" என்பார் உத்திர வீதிக்காரர். "இதை எப்பவோ பண்ணியிருக்கணும்" என்பார் சித்திரை வீதிக்காரர். சரி, எங்கே போடலாம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டீர்களோ, தீர்ந்தது. மேடு அடுத்தாத்து வாசலில் இருக்க வேண்டும். நம்மாத்து வாசலில் போட்டால் ராத்திரி பூரா தடால் தடால் என்று சத்தம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் என்றைக்காவது ஒருத்தன் வந்து விழுவான்.

1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைத் திருச்சியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்களே, அதிலிருந்துதான் இந்தத் தகராறு என்று சிலர் சொல்வதுண்டு. அபாண்டம். மாநகராட்சி சுமக்க வேண்டிய பழிகள் எத்தனையோ உண்டு. இது அதைவிட ஆயிரத்துச் சொச்சம் வருஷம் மூத்தது.

கதையின் முதல் பொறியாளர் திருமங்கையாழ்வார். ஆழ்வாராவதற்கு முன் அவர் பார்த்த உத்தியோகம் வழிப்பறி. அடியார்களுக்குச் சோறு போட்டே கஜானா காலியாகிவிட, சாலையில் போகிறவர்களை மறித்து நிதி திரட்டினார். கல்யாணக் கோலத்தில் வந்த பெருமாளையும் தாயாரையும் ஆள் தெரியாமல் மறித்து, நகையைக் கழற்றச் சொன்னார் என்கிறது குருபரம்பரை. இவ்வளவு பலன் தந்த வேகத்தடை பிற்பாடு வரவே இல்லை. ஊர்வலம் நின்றது, கடவுளும் நின்றார். இராப்பத்து எட்டாம் நாளில் வேடுபறி என்று இதை இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள். நம்பெருமாள் தங்கக் குதிரையில் வந்து, மறிக்கப்படுவதற்கென்றே நிற்கிறார்.

அப்படிப்பட்டவர் ஸ்ரீரங்கத்தில் மதில் கட்ட வருகிறார். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து வந்து செலவுக்கு வழி பண்ணியதாகக் கதை. டெண்டர் விட்டதாகக் கதையில்கூட இல்லை. நூல் பிடித்தாற்போல் வந்த மதில் நேரே தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனத்தில் போய் முட்டுகிறது. உள்ளே அவர் பாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருக்கிறார். கடவுளையே மறித்த மனிதர் இங்கே என்ன செய்தார்? மதிலை ஒதுக்கிக் கட்டினார். தோட்டக்காரருக்கு மனசு குளிர்ந்துபோய், தம் தோட்டக் கருவி ஒன்றுக்கு அவருடைய பெயர்களில் ஒன்றைச் சூட்டினாராம். பெரியவர்கள் இதைப் பாகவத அபிமானம் என்பார்கள். இருக்கட்டும். ‘திட்டம் நல்ல திட்டம், என் இடத்தை மட்டும் விட்டுவிடு’ என்கிற கோரிக்கை, மனுப் போடாமலே நம்மூரில் ஜெயித்த முதல் சந்தர்ப்பம் அதுதான். அதற்கப்புறம் திண்ணையை ரெண்டடி நீட்டியவர்கள் எல்லோரும் தொண்டரடிப்பொடி பரம்பரை.

அதே சோழ தேசத்தில், திருவாரூரில், வேறு கொள்கை. இளவரசன் தேரில் கன்றுக்குட்டி அடிபட, தாய்ப்பசு நேரே போய் அரண்மனை மணியை அடிக்கிறது. புகாரை வாங்க எந்தக் காவல் நிலைய எல்லை என்று அதை அலைக்கழித்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை. அந்தக் காலம் அப்படி. மகன்மேல் தேரை ஏற்று என்று மந்திரியிடம் சொன்னால் அவர் தன் உயிரையே விட்டுவிடுகிறார். கடைசியில் ராஜாவே ஏற்றுகிறார். பிறகு சிவபெருமான் வந்து கன்று, மந்திரி, மகன் மூவரையும் எழுப்பித் தருகிறார். அந்த ராஜாவை, மனுநீதிச் சோழனை, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக வைத்திருக்கிறோம். ஆனால் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கதையைத் தலைகீழாக்கிவிட்டது. பதினெட்டு நிரம்பாத பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவுப்படி அப்பாவுக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இப்போது மகன் ஓட்டினால் மனுநீதி உள்ளே போவார்.

ஸ்ரீரங்கத்தார் தண்டனையை நம்பியதில்லை, சுவரைத்தான் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1752இல் பிரெஞ்சுக்காரர்களே வந்தார்கள். திருச்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த ழாக் லா என்ற தளபதி, முடியாமல் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கிக் கோயில் மதில்களுக்குள் படையை அடைத்தார். பிரான்ஸில் காகிதப் பணத்தை அச்சடித்து நாட்டையே கவிழ்த்த ஜான் லா இவருக்குப் பெரியப்பா. ஆகவே மாட்டிக்கொள்வது குடும்ப வழக்கம். ஜூன் மாதம் ஸ்டிரிங்கர் லாரன்ஸிடம் சரணடைந்தார். அந்தப் படையிலிருந்த ஆயிரம் ராஜபுத்திரச் சிப்பாய்கள் மட்டும் கோயிலை விட்டு அசையவில்லை. மூன்றாம் மதிலுக்குள் எவன் காலெடுத்து வைத்தாலும் வெட்டுவோம் என்று நின்றார்கள். ஆங்கிலேயர், சரி ஐயா, உள்ளே வரவில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். ‘நுழையாதே’ பலகைக்கு ஒருவன் கீழ்ப்படிந்ததாகத் திருச்சி வட்டாரத்தில் நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்று இது ஒன்றுதான்.

அந்த மதில்களைப் பற்றி எழுதிவைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில், ஒவ்வொன்றும் 25 அடி உயரம், நாலடி கனம், மதிலுக்கு மதில் 350 அடி இடைவெளி என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்த 350 அடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 106 சொச்சம். 1988இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லை, பொறியாளர்கள் அமைப்பு) வேகத்தடைக்கு ஐ.ஆர்.சி. 99 என்று ஒரு வழிகாட்டி போட்டது. தெரு நெடுக வேகம் குறைய வேண்டுமானால் மேட்டுக்கு மேடு 100 முதல் 120 மீட்டர் விட வேண்டும் என்றது அது. தில்லியில் குழு போட்டு, டீ குடித்து, வந்து சேர்ந்த இடைவெளியில் இங்கே ஏற்கெனவே கோபுரம் நின்றுகொண்டிருந்தது. கோபுர வாசலில் தெரு ஒடுங்குகிறது. ஒடுங்கினால் வண்டி நிதானிக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் தெருவை ஒடுக்கி, வளைத்து, பூந்தொட்டி வைத்து வண்டிகளை நடை வேகத்துக்கு இறக்கியது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அவர்களுக்கு உலகப் புகழ், நமக்குப் புளியோதரை.

அதே வழிகாட்டி மேட்டின் அளவையும் சொன்னது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் இடுப்புக்குச் சேதமில்லை. நம் தெருவில் மேடு பிறக்கும் விதமே வேறு. குழாய்க்குத் தோண்டியவர்கள் மூடும்போது மிச்சமிருந்த மண்ணையும் சிமெண்டையும் அங்கேயே குவித்துவிட்டுப் போவார்கள். ஒரு முழ அகலம். உயரம் கொத்தனார் சித்தம். மூன்றாம் நாள் அதில் விழுந்தவர் எழுந்து முதலில் ஐ.ஆர்.சி.யையா நினைப்பார்?

இங்கே ஒரு சின்ன வருத்தம் உண்டு. எக்ஸ் கதிர் சிதறுவதில் காம்ப்டன் விளைவு என்று பேர் வாங்கி 1927இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், 1953இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தம் பல்கலைக்கழக வாசலில் கார்கள் பறப்பதைப் பொறுக்காமல், தாமே உட்கார்ந்து வேகத்தடையை வடிவமைத்தார். ஒளி சிதறுவதில் 1930இல் நோபல் வாங்கிய சர் சி.வி. ராமன் யார்? 1888இல் திருவானைக்காவலில் பிறந்த நம்ம தீவுக்காரர். அவரும் ஒரு மேட்டை வரைந்து கொடுத்திருந்தால் ராமன் மேடு என்று உலகமே ஏறி இறங்கியிருக்கும். ஆனால் யார் வாசலில் என்ற கேள்வியில் அவர் கடலின் நீலத்தை ஆராய்வதே தேவலாம் என்று ஓடியிருப்பார்.

தெற்கு ராஜகோபுரத்தின் கதையும் இதில் சேர்த்திதான். அடித்தளம் போட்டுவிட்டு விஜயநகரத்தார் போய்விட, ஏறத்தாழ நானூறு வருஷம் மொட்டைக் கோபுரமாக நின்றது. அஹோபில மடம் 44ஆம் பட்டம் ஜீயர் முன்னின்று முடித்து 1987இல் குடமுழுக்கு ஆனது. 236 அடி, பதின்மூன்று நிலை. சாக்கடை வேலை எட்டு மாசமாக நடக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தினமும் இதன் கீழேதான் போய் வருகிறார்கள். கோபுரம் முடிந்ததில் போக்குவரத்துக்கு ஓர் உபகாரம்: வெளியூர்க்காரர் உச்சியைப் படம் பிடிக்க அண்ணாந்தபடியே பின்னால் பின்னால் நடந்து நடுச்சாலைக்கு வந்துவிடுவார். ஆட்டோ தானே நிற்கும்.

மற்ற சாதனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்கழியில் தெருவை அடைத்த கோலம்; அதன்மேல் ஏற்றுகிறவன் வண்டியை விட வசவு வேகமாக வரும். யானைமேல் வரும் திருமஞ்சனக் குடம்; அதை முந்த யாருக்கும் துணிச்சல் கிடையாது. நடுவில் படுத்த மாடு. தெருக் கிரிக்கெட்; கீழச் சித்திரை வீதியின் எழுத்தாளர் சுஜாதா இந்தத் தெருக்களை எழுதியே இரண்டு தலைமுறையைச் சிரிக்க வைத்தார். இவை நாலும் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வந்ததில்லை, எந்த வாசல்காரரும் ஆட்சேபித்ததில்லை, பந்து ஜன்னலில் படுகிறவரைக்கும்.

இத்தனைக்கும் மேலே தேர். சித்திரைத் தேர் சித்திரை வீதியில், தைத்தேர் உத்திர வீதியில். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்தே வருகிறார்கள்; ஊரிலேயே மெதுவான வண்டி இதுதான். அந்த வண்டி தடுக்காமல் போவதற்காக, தேரோட்டத்துக்கு முன் வேகத்தடைகளைப் பெயர்த்து எடுத்துவிடுவது தேருள்ள ஊர்களில் வழக்கம். மனு, மறியல், சமாதானம் எல்லாம் பார்த்து வாங்கிய மேடு ஒரு காலைப்பொழுதில் போய்விடும். இந்த நியாயம் புரியாத ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "மாமா, வேகமா போற எங்களுக்குத் தடை, மெதுவா போறவருக்குத் தடையை எடுக்கறேளே?"

மாமா விசிறியைக் கீழே வைத்தார். "அவர் ஹெல்மெட்டும்தான் போடறதில்லை. கிரீடத்துல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு நீயே ஏறிப் பார்த்துட்டு வா, போ."