ராஜினாமாவுக்கு 19 வருடம்

பேராதனை வீதி நெரிசலில் நசுங்கி வந்து, வரவுப் புத்தகத்தில் சிவப்புக்கோடு விழுமுன் கையெழுத்து வைத்து, உடனே பிளேன்டீ குடிக்க இறங்கிவிடும் கண்டிக் கந்தோர் அன்பர்கள் ரொபர்ட் நொக்ஸைக் குலதெய்வமாகக் கும்பிடலாம்.

1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்ட இந்த ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைவிட்டு வெளியேற 1679 ஆயிற்று. இரண்டாம் இராஜசிங்கனின் காவலுக்குக் கம்பியில்லை. சோறு ஊரார் பொறுப்பு. வெளியேறத்தான் முடியாது. நிரந்தர நியமனம் என்பதும் இதுதானே!

மனிதர் மூக்கால் அழவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். அரண்மனை உத்தியோகம் தேடி வந்தபோது நைசாக நழுவினார். ராஜாவுக்கு நெருக்கமானவர்களின் தலை கழுத்தில் நெடுநாள் தங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வியாபாரம் என்ற சாக்கில் வடக்கே வழி பார்த்துவைத்து, ஒருநாள் அநுராதபுரக் காடு கடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கே நடந்துவிட்டார். 1681இல் அனுபவமெல்லாம் லண்டனில் புத்தகமாகியது.

நம்மவர்களும் சளைத்தவர்களல்ல. கந்தோர் மேசையிலிருந்தே சீட்டு, டியூஷன், காணித் தரகு எல்லாம் நடக்கிறது. நடக்காதது அந்தக் கடைசி நடை ஒன்றுதான். வழி தெரியாமலில்லை, அரிப்பில் பென்ஷன் கொடுக்கமாட்டார்களே!