பாதியில் இறங்கும் பயணிகள்

கேள்வி: ஆன்லைன் கருத்துக்கணிப்பை ஆசையாகத்தான் திறக்கிறேன், பாதியிலேயே மூடிவிடுகிறேன். சோம்பேறித்தனமா?
– ஒரு வாசகி, தேவர்சோலை

பதில்: பழி உங்கள் மேல் இல்லை, அம்மணி. கேள்வி தயாரித்தவர் பெரிய கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நீங்களோ மழையில், ஒற்றைக்கோடு சிக்னலில் செல்போனோடு நிற்கிறீர்கள். அவர் திரையில் அழகாக விரிந்த பத்து வரிசைக் கட்டம், உங்கள் கையில் கொழுந்துச் சாக்கு மாதிரி பிதுங்குகிறது.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை தொடக்கத்திலேயே நத்தையாக நகர்ந்தால் அதிகம் பேர் விலகிவிடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கிளம்பாத பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவது நம் கண்டக்டருக்கு ஆய்வில்லாமலே தெரியும்.

அதைவிடக் கொடுமை, ‘சொந்த வீடா, வாடகை வீடா?’ என்று இரண்டே வட்டம் வைப்பது. எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டில் இருப்பவர் எதைத் தொடுவார்? 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலத்தில் குடியிருப்பவர்? அந்த நிலம் யாருக்கு என்று கூடலூர்ப் பக்கம் நீதிமன்றங்களே பல்லாண்டு தலையைப் பிய்த்துக்கொண்ட சங்கதிக்கு, நட்சத்திரக் குறி போட்டுக் ‘கட்டாயம்’ என்கிறார்கள். விடை இல்லாதவர் பொய் சொல்வார், அல்லது போய்விடுவார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் 35 கேள்விகள். ஆனாலும் சொந்தமா வாடகையா என்ற இடத்தில் ‘வேறு’ என்றொரு கட்டம் இருந்தது. புண்ணியவான்கள்! புரியாவிட்டால் கணக்கெடுக்க வந்து வாசலில் நிற்பவருக்கு ஒரு டீ கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். 2027 கணக்கெடுப்புக்கு நாமே இணையத்தில் பதியவும் வழி செய்திருக்கிறார்கள்.

டீ மிச்சம்.