மரத்தூளுக்கு வந்த மவுசு

ஹூஸ்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டிவலி தேவலையா? பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் விட்டுவிட்டார்களா, இல்லை ஆதம்பாக்கத்துக்காரர்கள் இன்னும் தூணுக்கு அடியில் வண்டி நிறுத்திக்கொண்டு இருக்கிறார்களா?

போன வாரம் வீடியோவில் பேசும்போது எனக்குப் பின்னால் கிடந்த மூட்டையைப் பார்த்து, "என்னடா அது, கோழித் தீவனமா?" என்று கேட்டீர்கள். "இல்லை சித்தப்பா, மரத்தூள். கறி வாட்டறதுக்கு, காசு குடுத்து வாங்கினது" என்றேன். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, சித்தி போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். முப்பது வருஷம் மரவாடியில் உட்கார்ந்து, அறுத்த மரத்தை முகர்ந்தே தேக்கா வேங்கையா படாக்கா என்று சொன்னவர் நீங்கள். இந்த விஷயத்தைப் பேச உங்களை விட்டால் எனக்கு ஆள் ஏது? அதனால்தான் கடிதம்.

அந்த நாளில் ரம்பத்துக்கு அடியில் குவியும் தூளை நீங்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போகச் சொல்வீர்கள். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி நானும் அண்ணனும் தள்ளிக்கொண்டு வருவோம். பாட்டி மரத்தூள் அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழ்வாயில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடித்து இறுக்குவார். அப்புறம் பாட்டிலை மூச்சுவிடாமல் திருகித் திருகி உருவுவார். உருவும்போது தூள் சரிந்தால் கிட்டே நின்றவன் முதுகில் ஒன்று விழும். சரியாமல் நின்றால் காலையில் பற்றவைத்தது மத்தியானம்வரை கனியும்.

அதே தூளை இங்கே இயந்திரத்தில் நெரித்து, பென்சில் கனத்தில் சின்னச் சின்னத் துண்டாக்கி, பெல்லட் என்று பெயர் வைத்து, மேலே மலையும் காடும் படம் போட்ட பையில் விற்கிறார்கள். 20 பவுண்டு பை, நம் கணக்கில் 9 கிலோ, இருபது டாலர் பக்கம் ஆகிறது. ரூபாயில் பெருக்கிச் சொல்லமாட்டேன். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூளின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்துகிறார்கள். ஒரே சீராகப் பொடிக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் துளை போட்ட எஃகு அச்சில் உருளையை விட்டு நெரிக்கிறார்கள். நெரிபடுகிற சூட்டில் மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் என்கிற பொருள் இளகி, ஆறினதும் இறுகி, தூளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பசை கிடையாது. அச்சு சிக்காமல் இருக்கச் சிலர் கொஞ்சம் சோயா எண்ணெய் சேர்ப்பது உண்டு, அவ்வளவுதான்.

நீங்கள் சோதித்துப் பார்க்கச் சொல்வீர்கள் என்று தெரியும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் மெழுகு தேய்த்த பளபளப்பு. ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது, உள்ளே பழுப்பும் வெளுப்புமாகத் தூள் தெரிகிறது. நாலைந்தை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உப்பி, வாய் பிளந்து, அடியில் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. "அடப்பாவி, நீ நம்ம மரவாடித் தூளேதானா" என்றேன். மகள் எட்டிப் பார்த்து, அப்பா தம்ளரோடு பேசுகிறார் என்று அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

இந்தப் பெல்லட்டை எரிக்கும் கறி அடுப்பைக் கண்டுபிடித்தவர் ஜோ ட்ரேகர் என்பவர். ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்கிற சின்ன ஊரில், 1980-களின் நடுவில். எண்ணெய் விலை ஏறின 1970-களில் குளிர்காய்வதற்காகப் பெல்லட் வந்தது. அதைக் கறி அடுப்புக்குத் திருப்பியவர் இவர். பக்கவாட்டில் ஒரு பெட்டி, அதில் பெல்லட்டைக் கொட்டிவிட வேண்டும். அடியில் ஒரு திருகாணித் தண்டு சுழன்று சுழன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு மின்கம்பி பழுத்துப் பற்றவைக்கும். விசிறி ஊதும். எத்தனை டிகிரி என்று பொத்தானை அமுக்கிவிட்டு நாம் தூங்கப் போகலாம். பாட்டிக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் முதுகு தப்பியிருக்கும்.

ஆனால் ஒன்று, கரண்ட் போனால் இந்த அடுப்பு வெறும் இரும்புப் பெட்டி. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது இந்த ஊர்ப் பக்கம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் (எந்நேரமும் கொல்லையில் எதையாவது வாட்டிக்கொண்டிருப்பதால் குழந்தைகள் அவருக்கு 'புகை மாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்) ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கின அடுப்பின் எதிரில் நாற்காலி போட்டு, பாதி வெந்த கறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் இருந்த பெல்லட் மூட்டையும் நனைந்து ஊதிப்போயிற்று. நம் மரத்தூள் அடுப்பைப் படம் வரைந்து காட்டினேன். "இதுக்கு வைஃபை வேண்டாமா?" என்று கேட்டார்.

அவர் வாட்டுவது மாட்டு நெஞ்சுக்கறி. (சித்திக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் இருமிவிடுங்கள்.) 107 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே. நாங்கள் கோழியோடும் ஆட்டுச் சாப்ஸோடும் நிறுத்திக்கொள்கிறோம். கத்திரிக்காயை வாட்டி கொத்சு பண்ணினாள் உங்கள் மருமகள். புகை மாமா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன மாமிசம் என்று கேட்டார்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். உள்ளே என்ன மரம்?

கடையில் ஒரு சுவர் நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி, பீக்கன், மேப்பிள், மெஸ்கீட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு படம். பன்றிக்கு ஆப்பிள், கோழிக்கு செர்ரி என்று ஜாதகப் பொருத்தம் வேறு. நான் பையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். முன்னால் யானை அளவுக்கு ஹிக்கரி என்று இருக்கிறது, பின்னால் எறும்பு அளவுக்கு 'கடினமரக் கலவை' என்று இருக்கிறது. விசாரித்தால், பல பைகளில் அடிமரமாக ஓக்கோ ஆல்டரோதான் இருக்கும், பெயருக்கு உரிய மரம் அதன்மேல் ஒரு பங்கு சேரும், அவ்வளவுதான் என்கிறார்கள். எந்த ஆலையைச் சுற்றி எந்த மரம் மலிவோ அது அடிமரம். மேற்குக் கரையில் ஆல்டர், கிழக்கே ஓக். முழுக்க ஒரே மரம் போடுகிற கம்பெனிகளும் உண்டு. அவர்கள் '100 சதவீதம்' என்று பையின் முன்பக்கமே கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குத் தனியாக விலையும் வைக்கிறார்கள்.

நம் ஊரில் காபித்தூள் பாக்கெட்டில் காபி இத்தனை, சிக்கரி இத்தனை என்று சதவீதம் போட்டாக வேண்டும், காபி 51-க்குக் குறையவும் கூடாது. சிக்கரி கலந்ததைக் குடிக்கிறோம், ஆனால் தெரிந்து குடிக்கிறோம். நான் திருப்பிப் பார்த்த கலவைப் பை ஒன்றிலாவது அந்த மாதிரி கணக்கு இல்லை. செவ்வாய்க்கு வண்டி விடுகிற தேசம், சித்தப்பா!

இன்னொரு வகையும் உண்டு. ஓக்கிலோ ஆல்டரிலோ வாசனை எண்ணெயைச் சேர்த்துப் பெயர் மாற்றுவது. 2019-ல் யூட்டாவில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் இதைப் பற்றி ஒரு வழக்கே போட்டார்கள். மெஸ்கீட் என்று விற்ற பையில் மெஸ்கீட் மரமே இல்லை, வேறு மரத்தில் எண்ணெய் சேர்த்தது என்பது வழக்குப் போட்டவரின் புகார். எங்கள் சங்கப் பொங்கல் விழாவில் இதை நான் சொன்னபோது, "மரத்தூள்லயும் கலப்படமா!" என்று ஒருவர் ஊர் நினைவில் கண் கலங்கினார்.

ஆப்பிள் பையை எடுத்தபோது உங்கள் குரலே காதில் கேட்டது. "ஏண்டா, ஆப்பிள் மரத்துல எவன் தரைப்பலகை போடறான்? தூள் எங்கேருந்து வரும்?" இதைவிட நல்ல கேள்வியை நான் எங்கும் படிக்கவில்லை. தூளில் பெரும்பகுதி வருவது அறுவை ஆலையிலிருந்தும், தரைப்பலகை, மேஜை, அலமாரி செய்கிற இடங்களிலிருந்தும்தான். செர்ரி நாற்காலிக்கு ஆகும், மேப்பிளும் ஓக்கும் தரைக்கு ஆகும். ஆப்பிளைப் பழத்துக்குத்தான் வளர்க்கிறார்கள், தோப்பைக் கழிக்கும்போது கிடைக்கிற கட்டைதான் தூளுக்கு. ஆக இந்த ஊர்க்காரன் சாப்பாட்டு மேஜை செய்ததுபோக மீந்ததில் கறியை வாட்டி, அதே மேஜைமேல் வைத்துச் சாப்பிடுகிறான்.

குளிர்காயும் பெல்லட் என்று 40 பவுண்டு மூட்டை தனியாக விற்கிறார்கள், விலை குறைவு. புத்திசாலிகள் சிலர் அதையே கறி அடுப்பில் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பலவற்றில் பைன் மாதிரி பிசின் மரங்கள் இருக்கும். கறியில் கற்பூரத்தைலம் தடவின கசப்பு ஏறும். சமையலுக்கு என்று செய்யாததால் தூள் எங்கே கூட்டி அள்ளியது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிளைவுட் தூளைப் பாட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பினது ஞாபகம் இருக்கிறதா? எரிந்தால் கண் கரிக்கும் என்பார். அதில் இருக்கும் பசைக்கு வேதியியல் பெயர் அவருக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும்.

மரம் மாறினால் ருசி உண்மையிலேயே மாறுமா என்று கேட்டால், விறகாகப் போட்டால் மாறும். இங்கிருந்து இரண்டரை மணி தூரத்தில் லாக்ஹார்ட் என்று ஒரு ஊர். டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர் என்று 1999-ல் மாநில சட்டமன்றமே தீர்மானம் போட்ட ஊர். அங்கே போஸ்ட் ஓக் விறகைப் பிளந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுப்பு வாயிலேயே கறி வெட்டித் தாளில் வைத்துத் தருகிறார்கள். கடைக்குள் போய் வந்த சட்டையை மூன்று நாள் கழித்துத் துவைத்தும் வாசனை போகவில்லை. புகைக்கு மணமும் ருசியும் முக்கியமாகத் தருவது லிக்னின் சிதைந்து வருகிற சிரிங்கால், குவாயக்கால் என்கிற இரண்டு பொருள்கள். ஓக்கோ ஹிக்கரியோ, கடினமரம் எதிலும் இரண்டும் உண்டு. பெல்லட் அடுப்போ விசிறி வைத்து ஊதி ஊதிச் சுத்தமாக எரிக்கிறது. புகையே கொஞ்சம்தான் வருகிறது. வருகிற கொஞ்சத்தில் ஆப்பிள் எது, செர்ரி எது என்று நாக்கு எங்கே பிரித்துப் பார்ப்பது? புகை மாமா பார்ப்பேன் என்கிறார். கண்ணைக் கட்டிச் சோதிக்கலாமா என்றால் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறார்.

இதையெல்லாம் விட ஒரு செய்தி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மெஸ்கீட் மெஸ்கீட் என்று இவர்கள் உருகுகிற மரம் வேறு எதுவும் இல்லை, நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. ஒரே குடும்பம், ஒரே முள், ஒரே பிடிவாதம். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து வெள்ளைக்காரன் நம் பக்கம் கொண்டுவந்தானே, ராமநாதபுரம் கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டு, கடைசியில் 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதே, அதன் அமெரிக்க உறவுக்குத்தான் இங்கே பை போட்டு விலை வைத்திருக்கிறார்கள். நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் கனிகிற கரியும் அநேகமாக அந்த வம்சம்தான். என் சட்டையெல்லாம் சின்ன வயசிலேயே மெஸ்கீட்டில் வாட்டியது என்று புகை மாமாவிடம் சொன்னேன். மரியாதையாகப் பார்த்தார்.

உங்கள் சின்னவன் இதைக் கேள்விப்பட்டு, ராமநாதபுரத்தில் மெஷின் போட்டு சீமைக் கருவேலத்தைப் பெல்லட்டாக்கி டெக்சஸுக்கு ஏற்றுமதி செய்யலாமா என்று கேட்டிருந்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் பார்க்கிறான் என்று சொல்லிவையுங்கள். இங்கே மாட்டுப்பண்ணைக்காரர்கள் புல் வளரவிடாமல் பண்ணுகிறது என்று அதே மரத்தைச் சங்கிலி கட்டி இழுத்தும் மருந்து அடித்தும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள். பெல்லட்தான் ஆசை என்றால், அனல் மின்நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் சேர்க்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசே கொள்கை போட்டது. அந்தப் பக்கம் விசாரிக்கட்டும். வயல் கழிவு, கடலைத் தொலி எல்லாம் அதற்கு ஆகும். நெஞ்சுக்கறியின் வாசனை கெட்டுவிட்டது என்று மின்நிலையம் புகார் சொல்லாது.

மெஷினுக்கு முன்பணம் என்று அவன் ஆரம்பித்தால் மட்டும், எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
(அண்ணன் மகன் என்று எழுதினால் சித்தி கோபித்துக்கொள்வார்)