நூறு தேங்காயில் பதினாறு அழுகினால்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மடியில் ஒரு நிகழ்தகவுக் கேள்வியைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். விசா வருமா, மாற்றல் உத்தரவு நிற்குமா, பெண்ணுக்கு என்ஜினியரிங் சீட் கிடைக்குமா? பிள்ளையார் தேங்காயை வாங்கிக்கொள்வாரே தவிர விழுக்காடு சொல்ல மாட்டார். அதை நீங்களேதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கையேடு அதற்காகத்தான்.

போகும் முன் ஒரு தகவல். இந்தக் கோயிலை நடத்துவது ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் படை வீரர்கள் கும்பிட்ட பிள்ளையார் இவர். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு இவரும் கிளம்பி வந்ததாகச் சொல்வார்கள். பத்மநாபபுரம் இன்று குமரி மாவட்டத்தில் இருப்பதால், நம்ம ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாம். ஆனால் வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்லி முன்னால் போக முடியாது.

இனி கணக்கு. 108 காய் என்று வேண்டிக்கொள்வதுதான் வழக்கம். கணக்குக்கு 100 சௌகரியம். மீதி எட்டைத் தனியாக உடைத்துக்கொள்ளுங்கள். பத்துக் காய்க்கு ஒன்று அழுகல் என்று வைத்துக்கொள்வோம். இது தாளில் மட்டும் வைத்த எண். சாலைக் கடைத்தெருவில் காய்க்காரர் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள் இருக்கும்.

நூறு காயில் சராசரியாகப் 10 அழுகல். திட்ட விலக்கத்துக்கு 100-ஐ 0.1-ஆலும் 0.9-ஆலும் பெருக்கினால் 9. அதன் வர்க்கமூலம் 3. இந்த மூன்றுதான் முழம். சராசரியிலிருந்து எத்தனை முழம் தள்ளி நிற்கிறீர்கள் என்பதே இசட் மதிப்பு. உங்களுக்கு 16 அழுகல் வந்துவிட்டதா? 16-ல் 10 போக 6. அதை மூன்றால் வகுத்தால் 2. இசட் 2. கணக்கு முடிந்தது, பதற்றத்தை ஆரம்பிக்கலாம்.

பதற்றம் எவ்வளவு படலாம் என்பதை இசட் அட்டவணை சொல்லும். இங்கே ஒரு எச்சரிக்கை. சில அட்டவணைகள் பூஜ்யத்திலிருந்து இசட் வரையுள்ள பரப்பைத் தரும்; 2-க்கு நேராக 0.4772 இருக்கும். சில, இடது ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் கூட்டி 0.9772 என்று தரும். நமக்கு வேண்டியது வலப்பக்க வால் மட்டும், 0.0228. மூன்றில் எதைச் சொன்னாலும் சபையில் ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால், பலர் தமக்கு வசதியான எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அந்த மணி வடிவக் கோட்டைத் தாளில் ஒரு தடவை வரைந்து, வேண்டிய பகுதியைப் பென்சிலால் நிழலடித்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு வேலை மாதிரிதான் தெரியும், ஆனால் தப்பு வராது.

அடுத்து அரைத் தேங்காய். அழுகல் 15 வரும், 16 வரும். பதினைந்தே முக்கால் வராது. வளைகோட்டுக்கோ இடைவெளியே கிடையாது. எண்ணிக்கையைக் கோட்டின் மேல் ஏற்றும்போது '16-ம் அதற்கு மேலும்' என்பதை 15.5-லிருந்து தொடங்க வேண்டும். இசட் 1.83, வால் 0.0336. வளைகோடே இல்லாமல் ஈருறுப்புப் பரவலில் ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஏறக்குறைய 0.04 வருகிறது. ஆக, அரைத் தேங்காயைச் சேர்த்ததில் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கினோம். ஈருறுப்புப் பரவலை வளைகோட்டால் கணக்கிடும் இந்தக் குறுக்குவழியை 1733-ல் கண்டுபிடித்தவர் ஆப்ரகாம் த மோவ்ர். பிரான்ஸிலிருந்து லண்டனுக்கு அகதியாகப் போய், பாடம் சொல்லிக்கொடுத்தும் சூதாடிகளுக்குக் கணக்குச் சொல்லியும் பிழைத்தவர். இந்தக் கோயில் இருக்கும் கிழக்கேகோட்டையில் பிறந்திருந்தால் லாட்டரிக் கடை வாசலில் நல்ல வரும்படி பார்த்திருப்பார்.

நூற்றுக்கு நாலு என்றால், தலைக்கு நூறு காய் உடைக்கும் நூறு பக்தர்களில் நாலு பேருக்கு எந்தத் தெய்வக் குற்றமும் இல்லாமலே 16-க்குக் குறையாமல் அழுகும். அந்த நாலு பேரில் ஒருவராவது ஜோசியரைப் பார்க்கப் போவார். போகட்டும், அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் காய்க்காரரோடு சண்டைக்குப் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு காயின் அழுகலுக்கும் இன்னொன்றின் அழுகலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துத்தான் இவ்வளவு கணக்கும் போட்டோம். ஒரே சாக்கில் மழையில் நனைந்த காய்கள் அப்படிக் கிடையாது, கூட்டமாகவே கெடும். அப்போது திட்ட விலக்கம் 3-ல் நிற்காது, 16 ஒன்றும் அதிசயமில்லை. நீங்கள் அழுத்திச் சொன்ன 4 விழுக்காடு காற்றில் போகும்.

சரி, பெண்ணின் சீட்டுக்கு வருவோம். கோயில் இருக்கும் இதே ஊரில்தான் இருக்கிறது கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம். கீம் (KEAM) என்ற நுழைவுத் தேர்வை நடத்தி என்ஜினியரிங் ரேங்க் பட்டியல் போடுவது இவர்கள்தான். நுழைவுத் தேர்வுக்கு 300, பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு 300. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ என்று வெவ்வேறு போர்டிலிருந்து வரும் மதிப்பெண்களை ஒரே தராசில் வைக்க, அந்தந்தப் போர்டின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்டு பொது அளவுக்கு மாற்றிவந்தார்கள். நாம் தேங்காய்க்குப் போட்ட அதே இசட்.

இதில் உங்கள் பெண் ஜெயிக்க எளிய வழி உண்டு: சுமாராகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த போர்டாகப் பார்த்துச் சேருங்கள். பக்கத்து பெஞ்ச் மட்டும் போதாது, போர்டு முழுக்கச் சுமாராக இருக்க வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்று. ஒரு போர்டில் சராசரி 90, திட்ட விலக்கம் 8. நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இசட் 1.25-தான். இன்னொரு போர்டில் சராசரி 70, திட்ட விலக்கம் 16. அங்கே 95 வாங்கியவளுக்கு 1.56. நூறு வாங்கியவள் பின்னால் நிற்பாள். அட்டவணையில் 1.25-க்கு வலப்பக்க வால் 0.1056, அதாவது முதல் போர்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் நூற்றுக்கும் மேலே வாங்கியிருக்க வேண்டும்! அந்தப் பத்துப் பேரும் 100 என்ற கூரையில் தலை இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூரை இடிக்கும் இடத்தில் மணி வடிவம் எங்கிருந்து வரும்?

அதைவிடப் பெரிய சங்கடம், 90 ஏன் வந்தது என்பது இசட்டுக்குத் தெரியாது. பிள்ளைகள் கெட்டிக்காரர்களா, திருத்தியவர்கள் தாராளமானவர்களா? இரண்டு கூட்டமும் திறமையில் சமம் என்று நினைத்துக்கொண்டுதான் சூத்திரம் வேலையையே ஆரம்பிக்கிறது. அந்த நினைப்பு சரியா என்று அதற்குள்ளிருந்து பார்க்க வழியில்லை.

பழைய முறை தங்கள் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறது என்று மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் குறைப்பட்டார்கள். 2025-ல் அரசு சூத்திரத்தை மாற்றி, போர்டின் மிக அதிக மதிப்பெண்ணை நூறாகக் கொண்டு கணக்கிட்டது. ஜூலை 1-ல் பட்டியல் வெளியானது. நுழைவுத் தேர்வு முடிந்த பிறகு விதியை மாற்றியது செல்லாது என்று ஜூலை 9-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீடும் மறுநாளே தள்ளுபடி; அன்றே பழைய சூத்திரப்படி புதுப் பட்டியல். முதலிடம் கைமாறியது. ஒரு விடைத்தாளில்கூட ஒரு மதிப்பெண்ணும் மாறவில்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் புகுந்த தரப்படுத்தலால் பட்டது ஒரு பக்கம். பின்னர் அதே அனுமதிக்கு இசட் புள்ளி வந்தது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே குவியலாகக் கொட்டிப் புள்ளி கணக்கிட்டார்கள். இரண்டையும் தனித்தனியே கணக்கிடச் சொல்லி 2012-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

எனவே கீம் எழுதப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடைசியாக ஒரு யோசனை. தேர்வு அறிவிப்போடு வரும் விளக்கக் கையேட்டில் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மதிப்பெண்ணைச் சமப்படுத்தும் சூத்திரம் அதில்தான் அச்சாகியிருக்கும். சராசரி யாருடையது, திட்ட விலக்கம் யாருடையது என்று அந்தப் பக்கத்தைப் படித்துக் கேள்வி கேளுங்கள். தேர்வுக்கு முன்பே கேளுங்கள்.