ஊசி ஊருக்கு இல்லை

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் விடும் நகராட்சியின் விஞ்ஞானத்தை யாரும் பாராட்டுவதில்லை. மற்ற நாட்களில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்திலேயே ஓடும் சாக்கடை விரிசல் வழியாக உள்ளே இறங்கி இளைப்பாறும். தண்ணீர் திறந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவோம். மிச்சம் மீதியும் வந்து சேர்ந்துவிடும். முதல் இரண்டு குடம் கலங்கலாக, ஒரு வாடையோடு வரும். "கொஞ்சம் விட்டுப் புடிங்கக்கா, தெளிஞ்சிடும்" என்பார் தண்ணீர் திறந்துவிடுகிறவர். தெளிந்துவிடும்தான். டைபாய்டு கிருமி என்ன, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியா வரும்?

அப்புறம் ஆட்டோவில் ஒலிபெருக்கி வரும்: காய்ச்சிக் குடியுங்கள். குடிநீர் வரி நகராட்சிக்கு, அதைக் குடிநீராக்கும் செலவு சிலிண்டருக்கு.

2023ல் வெளியான ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகளில் லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு. புனே அருகே கிராமத்தில் 35. பட்டணத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நாம் அடைந்த முன்னேற்றம் இது.

காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் விடால் பரிசோதனை. 1896ல் பிரெஞ்சு மருத்துவர் விடால் கண்டுபிடித்தது. என்றோ வந்துபோன டைபாய்டுக்கும், வேறு கிருமிக்கும்கூட அது 'பாசிட்டிவ்' சொல்லும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குச் சில நாள் ஆகும்; அவ்வளவு பொறுமை யாருக்கு? ஒரு ட்ரிப்ஸ், ஓர் ஆன்டிபயாடிக். இப்படி வாரி இறைத்தால் என்னவாகும் என்பதை 2016ல் பாகிஸ்தானின் ஹைதராபாத் காட்டியது. வழக்கமான மருந்துகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எதிர்த்து நின்ற டைபாய்டு அங்கே பரவியது. வாயால் விழுங்கும் மருந்தில் அசித்ரோமைசின்தான் கைகொடுத்தது.

அவர்கள் முழித்துக்கொண்டார்கள். நம் ஹைதராபாத்தில் தயாராகும் தடுப்பூசியை வாங்கினார்கள். 2019ல், உலகிலேயே முதல் நாடாக, குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசி வரிசையில் சேர்த்தார்கள். எல்லையில் துப்பாக்கி, ஏற்றுமதியில் ஊசி! பிறகு லைபீரியா சேர்த்தது, ஜிம்பாப்வே சேர்த்தது, நேபாளம் சேர்த்தது.

இங்கே? தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022ல் இதைப் பரிந்துரைத்தது. பரிந்துரை கோப்பாயிற்று, கோப்பு கட்டாயிற்று, கட்டு தூங்குகிறது. ஏழை நாடுகளுக்கு ஒன்றரை டாலர் அளவில் போகிற ஊசி, இங்கே தனியார் மருத்துவமனையில் இரண்டாயிரம் ரூபாயைத் தொடுகிறது. உலகில் ஆண்டுக்கு 90 லட்சம் பேருக்கு இந்தக் காய்ச்சல், 1.1 லட்சம் சாவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு நம்முடையது; இதிலாவது முதலிடத்தை விடக்கூடாது என்று டெல்லியில் யாரோ கங்கணம் கட்டியிருக்கிறார்கள் போல.

காட்மாண்டுவில் பிறந்த குழந்தைக்கு இலவசம். ஹைதராபாத்தில் அந்தத் தொழிற்சாலை வாசலில் இட்லி விற்கிறவள் பிள்ளைக்கு இரண்டாயிரம். ஊசி அவள் கண்ணெதிரே லாரியில் விமான நிலையம் போகிறது. பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்து அதே லாரியில் ஏற்றிவிடச் சொல்லலாம்.