கிளட்ச் வேண்டாதவரின் கிளட்ச்

கிளட்ச்சை மிதித்து மாளாது என்று ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு, செய்வதற்கு வேலையில்லாமல் போன இடது காலின் ஏக்கத்தை வலது கைக்கு ஒரு சுவிட்ச் வைத்துத் தீர்த்துக்கொள்கிறவர் அவர்களில் ஒரு தனி ரகம். கண்டுபிடிப்பது சுலபம். கார், 1980களின் ஷெவர்லே கப்ரீஸ் ஸ்டேஷன் வேகனாக இருக்கும். டாஷ்போர்டில் சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பெயரெழுதாத ஒரு சின்ன சுவிட்ச். அதற்குச் சற்று மேலே ரப்பர் மூடி போட்டு அடைத்த ஓர் ஓட்டை. முதலில் துளைத்த இடம் கைக்கு எட்டவில்லை.

"அது என்ன சுவிட்ச்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊர் போய்ச் சேரும்வரை பதில் வரும்.

அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு டேபிள் ஃபேன்களில் ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றுமே, அந்தக் கணக்கு. காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பலுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. எண்ணெய் வழுக்குவதால்தான் சிக்னலில் கார் நின்றாலும் இன்ஜின் அணையாமல் இருக்கிறது. அதே வழுக்கலால்தான் நெடுஞ்சாலையில் பெட்ரோல் சூடாக மாறி வீணாகிறது. ஆகவே உள்ளுக்குள் ஒரு கிளட்ச்சை வைத்து, வேகம் பிடித்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவது. அதுதான் லாக்கப். பேக்கார்டு கம்பெனி 1949லேயே செய்து காட்டியது. பெட்ரோல் தண்ணீர்பட்ட பாடாக இருந்த தேசத்தில் யாருக்கு அந்தக் கவலை? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, 1975இல் சட்டம் வந்து, 1978 மாடலிலிருந்து சராசரியாகக் கேலனுக்கு 18 மைல் காட்டியாக வேண்டும் என்றானதும் கவலை வந்தது. அதே 1978 மாடல்களில் கிரைஸ்லர் லாக்கப்பைத் தூசி தட்டி எடுத்தது.

இதிலெல்லாம் நம்மவருக்கு ஆட்சேபணை இல்லை. எப்போது பூட்டுவது என்பதைக் கார் முடிவு செய்கிறதே, அதுதான் தகராறு. இன்ஜின் சூடேறிவிட்டதா, வேகம் போதுமா, பிரேக்கில் கால் இருக்கிறதா, ஆக்சிலேட்டர் நிதானமாக இருக்கிறதா என்று ஆயிரம் சகுனம் பார்த்துவிட்டுத்தான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், பூட்டைப் போடும் மின்வால்வான சொலினாய்டை இயக்கும். கால் கொஞ்சம் அழுந்தினால் உடனே விட்டுவிடும். "ரோட்டைப் பாக்கறது நானா, அதுவா?" என்பார். நியாயமான கேள்வி. எதிரே மேடு வருவது சொலினாய்டுக்குத் தெரியாதுதான்.

எனவே சுவிட்ச். நடுவில் நின்றால் கம்ப்யூட்டர் ராஜ்யம். மேலே தள்ளினால் பூட்டு. கீழே தள்ளினால் பூட்டே கிடையாது.

பூட்டு விழும் நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். நீங்கள் உங்கள் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி. விரல், இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டருக்குப் போகும். முள் ஒரு 200, 300 சுற்று இறங்கும். "பாத்தீங்களா?" நீங்கள் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பாதகமில்லை, அவிழ்த்து மறுபடி பூட்டிக் காட்டுவார். குடும்பக் கார் என்பதால் கம்பெனி அதில் டேக்கோமீட்டர் வைக்கவில்லை. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே வாங்கி மாட்டியது. பிறகு எண்ணெய்ச் சூடு காட்ட ஒரு மீட்டர். அது காட்டிய சூட்டைப் பார்த்துப் பயந்து ஒரு தனி கூலர். எல்லாம் மிச்சமாகும் பெட்ரோலில் வந்துவிடுமாம். சமதரையில் ஒரே வேகத்தில் போனால் கம்ப்யூட்டரே பூட்டத்தான் போகிறது, மிச்சம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். கேட்டவர்களை அவர் அடுத்த தடவை காரில் ஏற்றுவதில்லை.

ஆனால் மலைக்குப் போனால் கதை வேறு. கொலராடோவில் ஐ-70 சாலை ராக்கி மலையில் ஏறி, ஐசன்ஹோவர் சுரங்கத்தருகே 11,000 அடியைத் தாண்டுகிறது. பின்னால் டிரெய்லர் கட்டிய பழைய ஆட்டோமேட்டிக் அந்த ஏற்றத்தில் பூட்டவா விடவா என்று தவித்து, எண்ணெயைக் காய்ச்சிவிடும். சுவிட்ச்காரர் மூன்றாவது கியருக்கு இறங்கி, ஒரே தள்ளில் பூட்டி, நிதானமாக ஏறுவார். இறக்கத்தில் பூட்டு இன்னும் விசேஷம்: வழுக்கல் இல்லாததால் இன்ஜினே காரைப் பிடித்து நிறுத்தும். அடுத்தவர் பிரேக் தீய்ந்து நாறும்போது இவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். டாட்ஜ் டீசல் பிக்கப் ஓட்டும் இவருடைய பங்காளிகளும் இதற்காகவே ஒரு சுவிட்ச் வைத்து, மிஸ்டரி சுவிட்ச் என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

கேலிக்கு இடம் சமவெளியில் தாராளமாக உண்டு. பூட்டியபடியே ஆக்சிலேட்டரை அடிவரை மிதிப்பார். சும்மா போகும்போது பிடித்துக்கொள்ளச் செய்த கிளட்ச் அது. மேல்பூச்சு கருகி, தூள் எண்ணெயோடு கியர்பாக்ஸ் முழுக்கச் சுற்றி வரும். இன்னொன்று மறதி. கம்பெனிக்காரன் பிரேக் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, கால் பட்டதும் பூட்டு விடும்படி செய்திருக்கிறான். நம்மவர் அதைத் தாண்டி நேராக ஒயர் இழுத்துவிட்டார். அவசரமாக நிறுத்தும்போது கார் உதறி, இருமி, சில சமயம் அணைந்தும்போகும். "பழைய கார், அப்படித்தான்" என்பார். சுவிட்ச்சின் மேல் பழி விழ விடமாட்டார்.

இவருக்கு எதிர்க்கட்சியும் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் சொலினாய்டு சிக்கிக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணைய, சொந்தக்காரர்கள் ஒயரையே கழற்றிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் லாக்கப் இல்லாமல் ஓட்டினார்கள். அந்தக் கட்சிக்காரர் ஒருவரும் இவரும் பக்கத்துப் பக்கத்து வீடாக அமைந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நடக்காதீர்கள்.

இவரிடம் கார் வாங்கப்போகிறவருக்கு ஒரு வார்த்தை. சுவிட்ச்சைப் பார்த்து மிரளவேண்டாம். அதற்கு வரும் கரண்ட் பிரேக் பெடல் வழியாக வருகிறதா, நடுவில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மனிதர் பொறுப்பானவர், தைரியமாக வாங்கலாம். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால், சொன்ன விலையில் ஒரு கியர்பாக்ஸைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.